இளவட்டக்கல்லும் தேய்மானக் கணக்கும்

'பங்ஷனல் பிட்னெஸ்' என்று சொன்னால் சிவகாசி, சாத்தூர் பக்கம் பாதிப்பேர் கல்யாண பங்ஷனுக்கு முன்னால் தொப்பையைக் குறைக்கிற திட்டம் என்றுதான் நினைப்பார்கள். அதில் முழுத்தப்பும் இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் ஜிம்மில் சேர்ந்து, தாலி கட்டியதோடு நின்றுபோகிற மாப்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு :-)

ஆனால் இங்கே 'பங்ஷன்' என்றால் உடம்பு செய்ய வேண்டிய வேலை. குனிவது, எழுவது, தூக்குவது, சுமப்பது, இழுப்பது, தள்ளுவது, ஏறுவது. கண்ணாடி முன்னால் நின்று கைத்தசையை மட்டும் தனியாக வளர்க்காமல், இந்த அசைவுகளை முழு உடம்போடு பழகுவதுதான் பங்ஷனல் பிட்னெஸ். அதனால் அந்த மாதிரி ஜிம்மில் பளபளப்பான மெஷின்கள் குறைவு. ரப்பர் விரித்த தரை, பழைய லாரி டயர், மணல் மூட்டை, கெட்டில்பெல், தேர்வடம் மாதிரி தடித்த கயிறு, தொங்குவதற்கு ஒரு கம்பி. புதிதாகப் பார்க்கிறவருக்கு இது கிட்டங்கியா ஜிம்மா என்று சந்தேகம் வரும்.

"மாசாமாசம் காசு கட்டி டயரப் புரட்டணுமாக்கும்? லாரி செட்டுல போய்ப் புரட்டுனா அவன் சம்பளம் குடுப்பானே" என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நல்ல கேள்வி. உடம்பு நோக வேலை செய்கிற ஊரில், உடம்பை வளர்க்கத் தனியாக ஒரு இடம் எதற்கு?

கல்லைத் தூக்கியவர்கள்

தெற்கத்திக் கிராமங்களில் மந்தையிலோ கோயில் பக்கமோ, பிடிமானமே இல்லாத வழுவழுப்பான உருண்டைக் கல் ஒன்று கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். இதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததால் கல்யாணக்கல் என்றும் பெயர்.

தூக்குகிற முறையைக் கவனியுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லை இரண்டு கையாலும் அணைக்க வேண்டும். மெல்ல முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சு. நெஞ்சிலிருந்து தோள். கடைசியில் தோளுக்குப் பின்னால் கீழே விட வேண்டும். இன்றைக்கு வெளிநாட்டு வலிமைப் போட்டிகளில் 'அட்லஸ் ஸ்டோன்' என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கால், இடுப்பு, முதுகு, கை எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்காவிட்டால் கல் தரையை விட்டு அசையாது.

இது பழங்கதையும் அல்ல. திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் பக்கத்தில் வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை வரிசையாகக் கற்கள். பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள்.

கர்லாக்கட்டையின் கதை இன்னும் சுவாரசியம். இந்திய மல்லர்கள் சுழற்றிய கட்டையைப் பார்த்து ஆங்கிலேய ராணுவம் எடுத்துக்கொண்டது. அது 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவதற்கே பதக்கம் கொடுத்தார்கள். கெட்டில்பெல் ரஷ்யாவிலிருந்து வந்தது. தானியச் சந்தையில் எடை போட வைத்திருந்த இரும்புக் குண்டைத்தான் வேலையாட்கள் தூக்கி விளையாடினார்கள். அவர்களுடைய 'பூட்' என்ற அளவு சுமார் 16 கிலோ. இன்றைக்கும் ஜிம்மில் கெட்டில்பெல் 16, 24, 32 என்று வரிசையாக இருப்பதற்கு அந்தத் தராசுதான் காரணம்.

ஆக, ஜிம்மில் இருக்கிற பல சாமான்கள் வயலிலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தவை. உழைப்பு உடற்பயிற்சி ஆனது. பிறகு உடற்பயிற்சி வியாபாரம் ஆனது.

500 டாலரும் இரண்டு குடமும்

அந்த வியாபாரத்தின் பெரிய பெயர் கிராஸ்பிட். கிரெக் கிளாஸ்மன் என்பவர் 2000ல் அமெரிக்காவில் தொடங்கியது. 2007ல் கலிபோர்னியாவில் அரோமாஸ் என்ற இடத்தில், ஒரு பண்ணையில், சில டஜன் பேர் கூடி முதல் 'கிராஸ்பிட் கேம்ஸ்' நடத்தினார்கள். வென்றவருக்குப் பரிசு 500 டாலர். நான்கே வருடத்தில், 2011ல், ரீபோக் கம்பெனி உள்ளே வந்தது. பரிசு 2,50,000 டாலர். ஐந்நூறு மடங்கு! வணிகவியல் படிக்கிற யாருக்கும் இந்த விகிதத்தைப் பார்த்தால் கண் விரியும்.

அடுத்து வந்தது ஹைராக்ஸ். 2017ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தொடங்கி, 2025 மே மாதம் மும்பைக்கு வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓடி ஒரு பயிற்சி, மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி ஒரு பயிற்சி என்று எட்டு முறை. அதில் ஒன்றின் பெயர் 'பார்மர்ஸ் கேரி', அதாவது சம்சாரி சுமை. கைக்கு ஒன்றாக இரண்டு கெட்டில்பெல்லைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடக்க வேண்டும். பொதுப் பிரிவில் ஆண்களுக்கு 24 கிலோ வீதம் இரண்டு, பெண்களுக்கு 16 கிலோ வீதம் இரண்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு குடம் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வையுங்கள். தண்ணீர் மட்டும் 15 கிலோ. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்றால் 30 கிலோ. பன்னாட்டுப் போட்டியில் பெண்கள் சுமக்கிற 32 கிலோவுக்கு இரண்டு கிலோதான் குறைவு. கரிசக்காட்டு ஊர்களில் வீட்டுக் குழாய் வராத காலத்தில் மதினிமார்களும் அத்தைமார்களும் இதை விடிகாலையில் பல நடை செய்தார்கள். பதக்கம் கிடையாது. நேரம் குறிப்பதற்கும் ஆள் கிடையாது.

அதற்காக, "அந்தக் காலத்துல எல்லாரும் இரும்பு மாதிரி இருந்தாங்க" என்ற பல்லவியைப் பாட வேண்டாம். தண்ணீர் சுமந்தவர்களுக்கு நாற்பது வயதில் கழுத்து வலியும் முழங்கால் வலியும் வந்தது. பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஜிம்மில் எடையைப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஒருநாள் கால் என்றால் மறுநாள் தோள். வலி வந்தால் மாஸ்டர் நிறுத்தச் சொல்வார். ஓய்வும் சாப்பாடும் பயிற்சியின் பாகம், ஏனென்றால் தசை வளர்வது ஓய்வில்தான். உழைப்பில் இது எதுவும் கிடையாது. ஒரே அசைவு, ஒரே பக்கம், வருடக்கணக்காக.

லாரி செட்டுப் பெரியவருக்குப் பதில் இதுதான். டயர் ஒன்றுதான். ஆனால் ஜிம்மில் டயரை எப்போது கீழே வைப்பது என்று புரட்டுகிறவர் முடிவு செய்கிறார். லாரி செட்டில் முதலாளி முடிவு செய்கிறார்.

முன்படம், பின்படம்

ஜிம் சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். முதல் படத்தில் தொப்பை, இரண்டாவதில் வயிறு ஒட்டி, மார்பு விரிந்து. பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும். அதற்காகத்தான் ஒட்டுகிறார்கள்.

ஆனால் அங்கே நடக்கிற நல்ல மாற்றங்கள் பலவும் படத்தில் விழாது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறது. சர்க்கரை அளவு இறங்குகிறது. ஒரு புல்-அப் கூட எடுக்க முடியாதவர் மூன்றாவது மாதம் தாடை கம்பிக்கு மேலே போகிற மாதிரி ஒன்று எடுக்கிறார். அப்போது அறையில் இருக்கிற எல்லாரும் தன் வேலையை விட்டுவிட்டுக் கை தட்டுகிறார்கள். முதலாளி மகனும் லோடுமேனும் ஒரே கடிகாரத்துக்கு ஓடுகிற இடம் வெளியே எத்தனை இருக்கிறது? வெள்ளைப் பலகையில் பேரும் நேரமும் மட்டும்தான் எழுதுவார்கள்.

இது உண்மையாகவே ஒரு பெரிய விஷயம். ஆனால் அந்தப் பலகையில் யார் பேர் இருக்காது என்றும் பார்க்க வேண்டும்.

அச்சங்குளம்

விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது அச்சங்குளம். மானாவாரிக் கரிசல். மழை ஏமாற்றினால் காட்டில் வேலை இல்லை. பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கும். ஏறிப் போவார்கள்.

அங்கே வேலை பெரும்பாலும் உட்கார்ந்தபடிதான். சரவெடி பின்னுவது, திரி வைப்பது, குழாயில் மருந்து அடைப்பது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து நடந்தால் நஷ்டம். குனிந்த முதுகு, மடக்கிய கால், ஓயாமல் ஓடுகிற விரல்கள். அலுமினியப் பவுடர் புழங்குகிற அறைக்குள் காலையில் மாநிறமாகப் போனவர் சாயங்காலம் வெள்ளி நிறமாக வெளியே வருவார். இதுவும் ஒரு முன்படம், பின்படம்தான். எந்தச் சுவரிலும் ஒட்ட மாட்டார்கள்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தார், ஒரு கல்லூரி மாணவியும் இருந்தார். மாநில அரசு குடும்பத்துக்கு 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவித்தார்கள்.

எவ்வளவு தண்டால் எடுத்த உடம்பும் வெடிமருந்துக்கு முன்னால் நிற்காது. பாதுகாப்பு விதி செய்ய வேண்டிய வேலையைத் தசை செய்யாது. 2024 ஆகஸ்ட் 8 அன்று, டெக்சாஸின் போர்ட் வொர்த்தில் கிராஸ்பிட் கேம்ஸின் முதல் போட்டியிலேயே செர்பிய வீரர் லாசர் ஜுக்கிச் ஏரியில் நீந்தும்போது மூழ்கி இறந்தார். உலகத்திலேயே மிகத் தகுதியான உடம்புகளில் ஒன்று அது. கரையில் காவல் போதுமா என்ற கேள்வியை மற்ற வீரர்கள் எழுப்பினார்கள், சிலர் போட்டியிலிருந்தே விலகினார்கள். அங்கே விலக முடிந்தது. பட்டாசு ஆலையில் விலகினால் சனிக்கிழமை சம்பளம் இல்லை.

தேய்மானம்

மேல்நிலை வகுப்பில் வணிகம் எடுத்தவர்கள் எல்லாரும் தேய்மானம் போட்டிருப்பார்கள். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை. ஒரு இயந்திரம் வருடாவருடம் தேய்கிறது என்பதால் லாபத்தில் ஒரு பங்கைக் கழித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் லாபம் பொய். தணிக்கையாளர் விடமாட்டார்.

காகிதக் குழாய் சுற்றுகிற இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு. ஆலையின் வேனுக்கு உண்டு. அந்த இயந்திரத்தின் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்த முதுகுக்கு இல்லை. முதுகு ஆலையின் சொத்து அல்ல, அதனால் புத்தகத்தில் வராது. சட்டப்படி சரிதான். ஆனால் முதுகு தேயத்தானே செய்கிறது? அந்தச் செலவை யாரோ ஏற்கத்தானே வேண்டும்? அதைத் தொழிலாளி வீடு ஏற்கிறது, தைலமாகவும் ஊசியாகவும் முன்கூட்டியே வந்துவிடும் முதுமையாகவும். அந்த உடம்புக்கு நேராக முதல்முறையாக ஒரு தொகை எழுதப்படுவது அது போன பிறகு, நிவாரணம் என்ற பெயரில்.

அப்படிப் பார்த்தால் ஜிம் சந்தா என்பது ஒருவர் தன் உடம்புக்குத் தானே ஒதுக்கிக்கொள்கிற தேய்மான நிதி. ஒதுக்கக் கூடியவர் ஒதுக்குகிறார். அதிகம் தேய்கிறவருக்கு ஒதுக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டம் 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கி, ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் போயின. நல்லதுதான். ஆனால் ஆறு நாளும் வேனில் போய் இருட்டும்போது இறங்கி, அப்புறம் உலை வைக்கிற ஒரு பெண்ணுக்குச் சாமான் வந்து என்ன? அவருக்கு வேண்டியது நேரம்.

ஜப்பானில் 1928ல் வானொலி உடற்பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே பல ஆலைகளிலும் கட்டட வேலை இடங்களிலும் வேலை தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நின்று சில நிமிடம் கை காலை அசைக்கிறார்கள். சந்தா கிடையாது, கண்ணாடி கிடையாது.

அச்சங்குளம் பக்கத்திலும் இது முடியாத காரியமா? மருந்து அறைக்கு வெளியே, தூரத்தில், வேப்பமர நிழலில், ஒரு நாளைக்கு 15 நிமிடம். வாரம் ஆறு நாளுக்கு 90 நிமிடம். ஆனால் எண்ணிக்கைக் கூலியில் அந்த 90 நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்து போகக்கூடாது. ஆலைக் கணக்கில் செலவாக எழுத வேண்டும். 'தேய்மானம்' என்று எழுதக் கூச்சமாக இருந்தால் 'பராமரிப்பு' என்று எழுதிக்கொள்ளட்டும்.

இளவட்டக்கல்லைத் தூக்க யாரும் சந்தா கேட்டதில்லை, ஊர் பொதுவில் கிடந்தது. அந்த 90 நிமிடத்தையும் அப்படிப் பொதுவில் வைக்க எவ்வளவு செலவாகும்? கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.