வண்டியில் எழுதிய ஊர்ப்பெயர்

பாரிஸ் நகரசபைக் கட்டடத்தின் ஆற்றுப் பக்கமாக ஒரு சின்னத் தோட்டம் இருக்கு: ‘லா நுவே வீரர்கள் தோட்டம்’. நுவே என்றால் ஸ்பானிய மொழியில் ஒன்பது. பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வந்தால் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ.

1939இல் ஃபிராங்கோவிடம் தோற்று, பிரனீஸ் மலை கடந்து வந்த அகதிகளை பிரான்ஸ் ஆர்ஜெலே கடற்கரை மணலில் முள்ளுக்கம்பிக்குள் அடைத்தது. (வரவேற்பு எப்பவும் இப்படித்தான் போல.) அப்படி வந்தவர்களில் சிலர் வட ஆபிரிக்காவுக்குப் போய், லெக்லேர்க் தளபதியின் படையில் 9ஆம் கொம்பனியாகி, இங்கிலாந்து வழியாக நோர்மண்டியில் இறங்கினார்கள். 1944 ஆகஸ்ட் 24 இரவு பாரிசுக்குள் முதலில் வந்த அணி அவர்களுடையதுதான். வண்டிகளில் ‘குவெர்னிக்கா’, ‘டெருவெல்’ என்று தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை எழுதியிருந்தார்கள். ஹிட்லருக்குப் பிறகு ஃபிராங்கோதான் என்று நம்பியிருந்தார்கள்.

“பிறகு வீட்டை போயிட்டினமோ?” என்றாள் மகள்.

“ஃபிராங்கோ 1975இல சாகுமட்டும் ஆட்சியில இருந்தவர், குஞ்சு. கனபேர் இங்கேயே இருந்திட்டினம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். மெட்ரோ படியில், “எங்கட காரில என்ன பேர் எழுதலாம்?” என்றாள்.

“சுன்னாகம்.”

“அது எங்க இருக்கு?”