நூற்று அறுபதில் ஒரு பங்கு

சில பேருக்குத் தபால்தலை, சில பேருக்குப் பழைய நாணயம், சில பேருக்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. எதையாவது சேர்த்து வைக்கும் புத்தி மனுஷப் பிறவிக்கே உண்டானது. எனக்கு வாய்த்தது ரயில்.

பதற வேண்டாம். மொத்த ரயிலும் செருப்பு டப்பாவில் அடங்கிவிடும்.

இதற்கு 'என்' ஸ்கேல் என்று பெயர். 'என்' என்றால் என்னுடையது என்று அர்த்தமில்லை. ஒன்பது என்ற சொல்லுக்கு இங்கிலீஷிலும் ஜெர்மனிலும் அதுதான் முதல் எழுத்து. தண்டவாளக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஒன்பதே மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிஜ ரயிலில் 160-ல் ஒரு பங்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21 மீட்டர் சொச்சம். 160-ஆல் வகுத்தால் 13.3 செ.மீ. அகலம் இரண்டே செ.மீ. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகலாம். போயிருக்கிறேன்.

ஒரு சின்ன இடறல் உண்டு. நம் அகல ரயில்பாதை 1,676 மி.மீ. கணக்குப்படி பொம்மைத் தண்டவாளம் பத்தரை மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைப்பது ஒன்பதுதான். அந்த ஒன்றரை மி.மீ.யை இந்தியப் பெட்டி செய்கிறவர்கள் பலரும் கண்டுகொள்வதில்லை. நான் பி.காம். பைசாவை ரூபாய்க்கு ரவுண்ட் ஆஃப் செய்து பழகியவன். எனக்கு உறுத்தவே இல்லை.

உறுத்துவது பெயிண்ட்தான். சாதாரணமாகப் பிரஷ்ஷால் பூசினால் பத்தில் ஒரு மி.மீ. கனம் ஏறிவிடும். அவ்வளவுதானே என்பீர்கள். 160-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜப் பெட்டியின் மேல் 16 மி.மீ. கனத்துக்குப் பூசினதற்குச் சமம்! ஜன்னல் கம்பி, கதவுக் கைப்பிடி, கூரை விளிம்பு எல்லாம் உள்ளே முழுகிப் பெட்டி சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஏர்பிரஷ். பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, காற்றில் தூவித் தூவி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான், பஞ்சர் ஒட்ட.

பெயிண்ட் முடிந்தால் எழுத்து. இங்கேதான் ஆட்டம் ஆரம்பம்.

இவ்வளவு சின்ன எழுத்தைக் கையால் எழுத முடியாது. 'டெக்கால்' ஒட்ட வேண்டும். சின்ன வயதில் தண்ணீர் தொட்டுக் கையில் அழுத்தி ஒட்டிக்கொள்வோமே, அந்தப் படத்தின் ஒன்றுவிட்ட தம்பி இது. பசை தடவிய காகிதம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு. ஏட்டின் மேல் அச்சடித்து, வெட்டி, தண்ணீரில் ஊறவைத்தால் ஏடு வழுக்கிக்கொண்டு வரும். பெட்டியின் மேல் நகர்த்தி நிறுத்த வேண்டியதுதான். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் முதலில் வார்னிஷ் தூவ வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் நம்பர் கரைந்து கூழாகிவிடும்.

வெளிநாட்டு ரயில்களுக்கு ரெடிமேடாக அச்சடித்து விற்கிறார்கள். நம் ஊர்ப் பழைய பெட்டியின் நம்பர் வேண்டும் என்றால் நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஓர் உண்மை புலப்படும்: நம் வீட்டுப் பிரின்டரிடம் வெள்ளை மை கிடையாது. வெள்ளைக் காகிதத்தில் அச்சடிக்கும்போது காகிதம்தான் வெள்ளை. போதாக்குறைக்கு மற்ற மையெல்லாம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற சமாசாரம். கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளில் பெரிதாக ஓர் எக்ஸ் இருக்குமே, அதை வெறும் ஏட்டில் அடித்து நீலப் பெட்டியில் ஒட்டினால் மங்கிய பச்சையாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

இதற்கொரு குறுக்கு வழி உண்டு. வெள்ளை ஏடு வாங்க வேண்டும். எழுத்தை அச்சடிக்காமல் விட்டுவிட்டு, எழுத்தைச் சுற்றியுள்ள பெட்டி நிறத்தை மட்டும் அச்சடிக்க வேண்டும். அச்சுப் படாத இடம் எழுத்தாகிவிடும். எக்ஸ் மாதிரி நேர்கோடு என்றால் வெறும் ஏட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்துப் பிளேடால் நூல் நூலாகக் கிழித்தே ஒட்டிவிடலாம்.

இந்த வித்தையெல்லாம் வைத்துக்கொண்டு நான் செய்ய நினைத்தது ஒரே ஒரு பெட்டி. என் மாமனாருக்காக.

மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்து பெயிண்டராகி, 2015-ல் ஓய்வு பெற்றவர். பெட்டிக்கு நிறம் அடிப்பதல்ல, எழுதுவது அவர் வேலை. நூல் கட்டி, சாக்பீஸ் பொடி தட்டி, கைக்குக் கீழே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நம்பர் எழுதுவார். முதல் முதலாக மேஸ்திரி அவரைத் தனியாக எழுதவிட்டது ஒரு கருஞ்சிவப்பு செகண்ட் கிளாஸ் பெட்டி. 86-ல் தொடங்கும் ஐந்து இலக்க நம்பர். முதல் இரண்டு இலக்கம் பெட்டி பிறந்த வருஷம், மற்ற மூன்றும் அது என்ன ஜாதிப் பெட்டி என்று சொல்லும். பேத்தியின் பிறந்த நாளை மறந்தாலும் அந்த நம்பரை அவர் மறந்ததில்லை.

ஆனால் ஒர்க்‌ஷாப் எழுத்து நிலைக்கிற எழுத்தல்ல. ஓவர்ஹாலுக்குப் பெட்டி திரும்ப வரும்போது பழைய எழுத்தின் மேலேயே புதுப் பெயிண்ட். ஐ.சி.எஃப். பெட்டியின் ஆயுளே 25 வருஷம் என்று கணக்கு. அப்புறம் இரும்புக் கடை. ஐ.சி.எஃப். ஆலையும் 2018-ல் அந்தப் பழைய வகைப் பெட்டி தயாரிப்பை முடித்துக்கொண்டது. இவர் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதியதில் ஒரு நம்பர்கூட இன்று எங்கேயும் இல்லை. எங்கள் பாஷையில், முழுத் தேய்மானம், புத்தக மதிப்பு பூஜ்யம்.

நான்கு வருஷமாக மாமாவுக்குக் கை நடுக்கம். காபி டம்ளரைப் பாதிதான் நிரப்புவோம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் பாங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டு, "பெரியவரே, கட்டை விரல் வெச்சுடுங்களேன்" என்றார்கள். அவர்கள் சட்டம் அவர்களுக்கு. மாமா விரலை வைத்தார். வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த பிரஷ் கட்டை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டார். அதன் பிறகு பேனாவைக்கூடத் தொடவில்லை.

எனவே அவருக்குச் சொல்லாமலேயே அந்த 86 பெட்டியைச் செய்தேன். நிறம் அடித்தாயிற்று. நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து, மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல்.

"இதை யாரு எழுதினது?"

"கம்ப்யூட்டர் மாமா."

"குண்டனுக்கும் ஒரே இடம், ஒல்லிக்கும் ஒரே இடம்னு ஒதுக்கியிருக்கே. ஒன்னாம் நம்பருக்கு எதுக்கு டபுள் சீட்டு? ரெண்டு குண்டு நம்பர் பக்கத்துல பக்கத்துல வந்தா நெருக்கணும் மாப்பிள்ளை. எட்டையும் ஆறையும் இவ்ளோ தள்ளி வெச்சா, பிளாட்பாரத்துல ஓடி வர்றவன் கண்ணுக்கு ரெண்டு நம்பராத் தெரியும்."

கணக்குப் புத்தகத்தில் பத்தி நேராக இருப்பதற்காக எல்லா இலக்கத்துக்கும் சம அகலம் கொடுக்கும் எழுத்து வகை அது. எனக்கு அது அழகு. அவருக்கு அது அநியாயம்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க மாமா" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் பேச்சே எடுக்கவில்லை. அப்புறம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். ஆறுதல் வார்த்தை எனக்குச் சரியாக வராது. கூட்டல் கழித்தல்தான் வரும்.

"மாமா, நீங்க பெட்டியில எழுதற மாதிரியே நாலு இஞ்ச் உயரத்துக்கு எழுதுங்க. அதை 160-ல ஒரு பங்காக் குறைப்பேன். நாலு இஞ்ச்ங்கறது அரை மி.மீ. சொச்சம் ஆயிடும். உங்க கை 3 மி.மீ. ஆடுதுன்னு வெச்சுக்கலாம். அது 0.019 மி.மீ. ஆயிடும். பிரின்டர் வைக்கற ஒரு புள்ளியே 0.042. உங்க நடுக்கம் அரைப் புள்ளிகூடக் கிடையாது. பிரின்டருக்கு அதைக் காட்டவே தெரியாது."

மாமா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடைவெளி?"

"ரெண்டு செ.மீ. விட்டீங்கன்னா மூணு புள்ளி. அது அப்படியே நிக்கும்."

"அப்ப ஆட்டம் போயிடும், எழுத்து இருக்கும்ங்கறீங்க."

"ஆமா மாமா."

அன்று ராத்திரி பரணில் ஏதோ உருட்டும் சத்தம். "எலி" என்றாள் என் சகதர்மிணி. காலையில் கூடத்தில் சார்ட் பேப்பர் விரித்திருந்தது. கறுப்பு பெயிண்ட்டில் ஐந்து இலக்கம். ஓரமெல்லாம் அலை அலையாகக் கிடந்தது. எட்டின் இடுப்பு இரண்டு இடத்தில் பிசகியிருந்தது. ஆனால் எட்டடி தள்ளி நின்று பார்த்தேன். ஒன்று தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. எட்டும் ஆறும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றன.

செங்குத்தாக மேலிருந்து போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் சுருக்கினேன். அடுத்தது சுற்றிலும் இருக்க வேண்டிய கருஞ்சிவப்பு. பிரின்டர் சிவப்பும் பெயிண்ட் சிவப்பும் லேசில் ஒத்துப்போகாது. பன்னிரண்டு சாயல் அடித்துக் காட்டினேன். சின்ன உருவத்தில் நிறம் எப்போதும் கொஞ்சம் கறுத்துத் தெரியும். துளி வெள்ளை கலந்து வெளுக்க வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாடம். மாமாவுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. "ஏழாவது. அதுதான் ரெண்டு மழை பார்த்த பெட்டி" என்றார்.

மானிட்டரில் பார்த்தது அப்படியே காகிதத்தில் வர, வெள்ளை ஏட்டைக் கலர் லேசர் கடைக்குக் கொண்டு போனேன். நம்பர் மொத்தமே இரண்டு மி.மீ. சொச்சம், ஓர் உளுந்துக்குள் அடங்கும். ஒரு தாளில் முந்நூறு நம்பர் போட்டிருந்தேன். கடைப் பையன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சார், மெஷின்ல ஏதோ தூசி அடிச்சிருக்கு. திரும்பப் போட்டுத் தரட்டுமா?" என்றான்.

ஒட்டுவதற்கு முன் பெட்டிக்குப் பளபள வார்னிஷ் போட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் ஏட்டுக்கு அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஏட்டை இளக்கிப் படிய வைக்கும் திரவம். வினிகர் வாசனை அடிக்கும். "ஊறுகாயா போடறீங்க?" என்று சமையலறையிலிருந்து விசாரணை வந்தது. எல்லாம் காய்ந்ததும் மேலே மங்கல் வார்னிஷ். ஏட்டின் விளிம்பு மறைந்து, எழுத்து பெட்டியோடு பெட்டியாகிவிடும்.

பூதக்கண்ணாடியோடு பெட்டியை மாமா முன்னால் வைத்தேன். அவர் கை நடுங்கியது. அதனால் கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் பார்த்தார். கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

"என் கையிதான்" என்றார்.

நான் உற்சாகமாகி, மஞ்சள் ஏட்டில் கிழித்து வைத்திருந்த எக்ஸை எடுத்தேன். இருப்பது ஒரே பெட்டி, அப்போது அதுதானே கடைசிப் பெட்டி? எக்ஸைப் பார்த்தால்தான் ரயில் நடுவில் அறுந்துபோகாமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று ஸ்டேஷனில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

மாமா என் கையைத் தடுத்தார்.

"அதை இப்ப ஒட்டாதீங்க மாப்பிள்ளை. 87-ல ஒரு ஸ்லீப்பர் எழுதினேன். அந்த நம்பரும் ஞாபகம் இருக்கு. சார்ட் பேப்பர் மிச்சம் இருக்கா?"