டிசம்பர் விருந்துக்கு ஓர் இடம்

புதுச்சேரி

அன்புள்ள அக்காவுக்கு,



டிசம்பரில் மாமாவின் லியோன் நண்பர்கள் வரும்போது எங்கே விருந்து வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டுப் புதிதாக உணவகம் திறந்திருக்கிறார்கள். போன வாரம் நானும் என் வீட்டுக்காரரும் போய்ச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்காகத் தாராளமாகப் போகலாம். ஒயினை மட்டும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் புய்யாபேஸ் என்ற பிரெஞ்சு மீன் சூப். மார்செய்யில் குங்குமப்பூ போடுகிற இடத்தில் இங்கே மஞ்சள். சோம்பும் பூண்டும் இரண்டு ஊருக்கும் பொது. இதைக் கெட்டிக் குழம்பாக்கிவிடும் இடங்கள் உண்டு. இவர்கள் மீன் தலையையும் முள்ளையும் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றில் கொடுவாத் துண்டுகளைக் கடைசியில்தான் போட்டிருக்கிறார்கள். கரண்டி பட்டதும் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது.

அடுத்து, வடகம் தாளித்த இறால் குழம்பு. வடகத்தில்தான் சமைப்பவர் கை தெரியும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கில் வெயிலில் காய்ந்த சரக்கு. எண்ணெயில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் வெந்தயக் கசப்புதான் மிஞ்சும். இங்கே அது சரியாகச் சிவந்த நேரத்தில் புளிக்கரைசல் விழுந்திருக்கிறது. வெங்காயத்தின் இனிப்பு கடைசிவரை இருந்தது. பிரெஞ்சு சமையல்காரர்கள் வடகத்தைப் பொடித்து வெண்ணெய் சாஸில் சேர்ப்பதாக மாமா சொல்வாரே, அவர் இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குறை ஒயினில்தான். பரிமாறிய தம்பி இறாலுக்குப் போர்தோ சிவப்பைச் சிபாரிசு செய்தார். அலமாரியில் இருந்த பாட்டில் அப்படியே மேசைக்கு வந்தது. சிவப்பு ஒயின் 16 முதல் 18 டிகிரியில் இருந்தால்தான் பழ வாசனை எழும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வருகிறது. அதன் துவர்ப்பு மிளகாய்க் காரத்தோடு சேர்ந்து நாக்கை எரித்தது. அவ்வளவு நல்ல இறாலின் ருசியே தெரியாமல் போனது எனக்கு மிகவும் வருத்தம்.

அதை ஒதுக்கிவிட்டு நாசிக் வெள்ளை ஒயினான ஷெனின் பிளாங் கேட்டோம். நன்றாகக் குளிர்ந்து வந்தது. அதிலிருந்த மெல்லிய இனிப்பு காரத்தைத் தணித்தது; அதன் புளிப்பு புளிக்குழம்புக்கு ஈடு கொடுத்தது. இறக்குமதி வரி இல்லாததால் விலையும் குறைவு. இவ்வளவு தேர்ந்த அடுப்படி வைத்திருப்பவர்கள் பிரெஞ்சுப் பெயரைப் பார்த்து ஒயின் தேர்ந்தெடுக்கக் கூடாது, குழம்பைச் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளம்பும்போது மேலாளரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே விருந்தை அங்கேயே வைக்கலாம் என்பது என் முடிவு. முதல் சுற்றுக்கு ஷெனின் பிளாங் சொல்லிவிடுவோம். சிவப்பு வேண்டும் என்பவர்களுக்குப் பாட்டிலை முன்னதாகவே கொஞ்ச நேரம் ஐஸில் வைக்கச் சொல்கிறேன். உள்முற்றத்து மேசையில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். வரும் தேதியை உடனே எழுது.

அன்புடன்,
உன் தங்கை