அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

திருநீர்மலைப் பக்கம் அடுக்ககங்களில் குடியிருக்கும் நண்பர்களே, உங்கள் கண்காணிப்பு கேமராவின் டிவிஆர் பெட்டிக்கு அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். பெரும்பாலும் மாட்டிவிட்டுப் போனவரிடம்தான் இருக்கும். அவர் போன் நம்பரை மாற்றிவிட்டால், திரையில் படம் ஓடும். திருட்டு நடந்த அன்றைய பதிவை எடுக்க முடியாது. பெட்டியோ பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும்.

பதற்றத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டாதீர்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். சரி என்றால் எல்லாம் போய்விடும். முதலில் பதிந்த மின்னஞ்சல் வழியே பல மாடல்களில் பாஸ்வேர்டை மீட்கலாம். அது மாட்டியவருடைய மின்னஞ்சல் என்றால், பில்லோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்ட் இருப்பவர் செட்டிங்கையும் மாற்றலாம். அந்த உரிமை யார் கையில் என்பது சின்ன விஷயமே இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி, பின்னர் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? ஹார்ட் டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், காவல் நிலைய கேமரா பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இப்போது பாஸ்வேர்ட் ஒட்டிய உறையில் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கிறது. மின்னஞ்சலும் சங்கத்துடையதுதான். பழுது பார்க்க வருபவருக்குத் தனி யூசர்.