சடை என்னும் சொல்லும் ஒரு சீப்பும்

தமிழில் ‘சடை’ என்னும் ஒரே சொல் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கிறது. எண்ணெயும் சீப்பும் காணாமல் துறவியின் தலையில் திரிதிரியாகத் திரண்டிருப்பது சடை. பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு வாரி, வகிடெடுத்து, பின்னி, ரிப்பன் கட்டித் தொங்கவிடுவதும் சடை. உடல் முழுவதும் நீண்ட முடி தொங்கும் சிறிய நாய்க்கும் பேச்சுவழக்கில் சடைநாய் என்றே பெயர். முதல் சடை சீப்பைத் துறந்ததால் வந்தது. இரண்டாவது, சீப்பை நாள்தோறும் எடுத்ததால் வந்தது. சடைநாயின் சடை இவ்விரண்டில் எதைச் சேரும் என்பதை நாயால் தீர்மானிக்க இயலாது. அதை வளர்க்கும் வீடே தீர்மானிக்கிறது.

செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த திருமுல்கேரியில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. ஊரின் பெயரே ஒரு திரிபு. தெலுங்கில் அது திருமலகிரி. மலை என்றும் கிரி என்றும் ஒரே பொருளை இருமுறை சொல்லும் பெயர். ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டலில் அது உருமாறி, தமிழில் திருமுல்கேரி ஆயிற்று. சென்னைப் படையோடு தெற்கிலிருந்து வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இப்பகுதியில் வாழ்கின்றனர். பங்களாக்கள் குறைந்து அடுக்ககங்கள் பெருகிய பின், பெரிய நாய்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அவ்விடத்தை ஷிட்சு, லாசா அப்சோ, பொமரேனியன் போன்ற சிறிய சடைநாய்கள் நிரப்பியுள்ளன. மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது.

ஷிட்சுவும் லாசா அப்சோவும் திபெத்தியப் பீடபூமியோடு தொடர்புடைய இனங்கள். அங்கே நீண்ட முடி குளிருக்கான போர்வை. அதே நிலத்தைச் சேர்ந்த மற்றொரு சடை விலங்கைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். மானம் அதிகாரத்தில், 969ஆம் குறளில் வரும் கவரிமா, பலர் எண்ணுவதுபோல் மான் இனம் அன்று. இமயத்தின் நீள்மயிர் எருது என்பதே அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். மயிர் நீங்கினால் உயிர் தரிக்காது என்னும் கருத்து, அந்தக் குளிர்நிலத்தை நினைத்தால் வெறும் கற்பனையாகத் தோன்றாது. ஆனால் கவரி இங்கு வந்ததில்லை. நாய் வந்துவிட்டது, தன் போர்வையோடு.

அந்தப் போர்வையின் மரபியல் இன்று தெளிவாகவே தெரியும். 2009ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, நாயினங்களின் முடி வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. நீளத்துக்குக் காரணமானது எஃப்.ஜி.எஃப். 5 என்னும் மரபணு. அது உருவாக்கும் புரதம் முடியின் வளர்ச்சிப் பருவத்தை முடித்துவைக்கும் கட்டளையைப் போன்றது. அதில் மாற்றம் நேர்ந்தால் கட்டளை வலுவிழக்கிறது. முடி நீண்டுகொண்டே போகிறது. மனிதர் அந்த நீளத்தை விரும்பித் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து நிலைநிறுத்தினர்.

இங்கேதான் விற்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். “இந்த நாய்க்கு முடி கொட்டாது” என்பது ஷிட்சுவை வாங்க வருவோரிடம் தவறாமல் சொல்லப்படுவது. அதில் பாதி உண்மை உண்டு. சோபாவிலும் தரையிலும் முடி அதிகம் சேர்வதில்லை. ஆயினும் எந்த முடியும் என்றென்றும் வேரில் நிற்பதில்லை. வேரிலிருந்து விடுபட்ட முடி, சுற்றியுள்ள நீண்ட முடிகளுக்கிடையே மாட்டிக்கொண்டு அங்கேயே தங்குகிறது. தூசி, எச்சில், ஈரம் ஆகியவற்றோடு உராய்ந்து முதலில் சிக்காகிறது, பின்னர் சிடுக்காகிறது, இறுதியில் கம்பளித் துணிபோல் இறுகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. நாய் அசையும்போதெல்லாம் அது தோலை இழுக்கும். அதன் அடியில் காற்று புகாது, ஈரம் உலராது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. தரையில் விழாத முடி சீப்புக்கு வேலையாக மாறி நாயின் உடலிலேயே காத்திருக்கிறது என்பதே அந்த விளம்பர வாக்கியத்தின் சொல்லப்படாத மறுபாதி.

லால் பஜாருக்கு அருகிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்த மறுபாதி ஒரு கோடையில் வெளிப்பட்டது. கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆசையோடு வாங்கி வந்த ஷிட்சு அது. இரண்டு நாள்களாக அது சரியாக உண்ணவில்லை. வெயிலின் சோர்வு என்று வீட்டார் எண்ணினர். அதற்கு முந்தைய வாரந்தான் ஒரு கடையில் குளிப்பாட்டி, நறுமணம் தெளித்து, நெற்றியில் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தனர். மேல்முடி பட்டுப்போல் மின்னியது. காதுக்குப் பின்னால் விரல் நுழையவில்லை.

“பாட்டி, இழுத்தா கத்துது. கத்தரியால வெட்டிடலாமா?”

“வேண்டாம் கண்ணு, தோலும் சேர்ந்து வந்துடும். வேர்ப்பக்கம் ஒரு கையால பிடிச்சுக்கோ, நுனியிலேர்ந்து எடு. உனக்கு அப்படித்தானே எடுத்தேன்?”

ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்தப் பாட்டி நாய் வளர்த்தவர் அல்லர். மூன்று பெண்களுக்கும் ஒரு பேத்திக்கும் தலைவாரியவர். பூசிக்கொள்ளும் சோளமாவைப்போல் சிறிது சோளமாவைச் சிடுக்கின்மேல் தூவி, விரல்களால் அதை இரண்டாக, நான்காகப் பிரித்து, பிறகு சீப்பை நுனியில் வைத்தார். அரைமணி நேரத்தில் அந்தக் கம்பளித் திட்டு பிரிந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதை போன்று பருத்த இரண்டு உண்ணிகள் இருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளிறியிருந்தது. அன்று மாலையே கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். இரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல் உறுதியாயிற்று. 28 நாள்கள் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. நாய் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் அந்தச் சிடுக்கைப் பிரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் மென்மையாகவே சொன்னார்.

ஆமணக்கு விதையோடு உண்ணியை ஒப்பிடுவது பழமையானது. ஆமணக்கின் தாவரவியல் பெயரில் உள்ள ‘ரிசினஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றே பொருள். தமிழோ வடிவத்தைப் பாராமல் செயலைப் பார்த்துப் பெயரிட்டது. உண்பது உண்ணி.

உண்ணி உண்பதோடு நிற்பதில்லை, நோயையும் கடத்துகிறது என்பது அறிவியலுக்குப் புலப்பட்ட வரலாற்றில் இந்த ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1893இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் இருவரும் நிறுவினர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1910இல் பேட்டன் என்னும் ஆய்வாளர், சென்னையின் ஆங்கிலேய வேட்டைக் குழுவினர் வளர்த்த நாய்களின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியை விவரித்தார். இன்று பபேசியா கிப்சோனி எனப்படும் அது, உண்ணிக் காய்ச்சலின் மற்றொரு காரணி. அந்த வேட்டைநாய்கள் குட்டைமுடி கொண்டவை. அவற்றின் உடலில் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். சடைநாயின் உடலில் அதைக் காண விரலும் சீப்பும் மட்டுமே வழி.

ஆகவே, வீட்டில் சடைநாய்க்கு முடி வாருவதை அழகுக்கலையாக எண்ணுவதைவிட, நாள்தோறும் நிகழும் உடற்பரிசோதனையாக எண்ணுவது பொருத்தம். அதன் முறையும் அந்த நோக்கத்திலிருந்தே வருகிறது.

முதல் விதி வரிசை பற்றியது. பலர் முதலில் குளிப்பாட்டிவிட்டுப் பின்னர் வாருகின்றனர். நனைந்து உலரும் சிடுக்கு மேலும் இறுகும். சோப்பு அதன் உள்ளே தங்கித் தோலை அரிக்கும். எனவே சிக்கெடுத்த பின்னரே தண்ணீர். இரண்டாவது விதி ஆழம் பற்றியது. மேல்முடியை மட்டும் பிரஷ்ஷால் தடவினால் நாய் அழகாகத் தெரியும்; அடிச்சிக்கு அப்படியே இருக்கும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, வகிடு வகிடாகக் கீழிருந்து மேலே வர வேண்டும். முடிவில் இரும்புச் சீப்பு தோல்வரை சென்று தடையின்றி நுனிவரை வந்தால்தான் வேலை முடிந்தது.

சிக்கு விழும் இடங்கள் பெரும்பாலும் உராய்வு நேரும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி. உண்ணிகள் விரும்பும் இடங்களும் ஏறத்தாழ இவையே. விரலிடுக்கையும் காதுமடலின் உட்புறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உண்ணியைக் கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீயால் சுடுவதும் நகத்தால் நசுக்குவதும் கூடாது. சில கிருமிகள் உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே உடலில் புகக்கூடியவை. எனவே சீப்பை மட்டும் நம்பியிருக்க இயலாது. மருத்துவர் பரிந்துரைக்கும் உண்ணித் தடுப்பு மருந்தை ஆண்டு முழுவதும் தர வேண்டும். பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவரின் விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆதலால் நாய் படுக்கும் மூலையும் பரிசோதனைக்கு உட்பட்டதே.

குளியல் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதும். நாயின் தோல் மனிதத் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது. நம் ஷாம்பு அதற்கு ஒவ்வாது. சீயக்காய் இயற்கையானதுதான், ஆயினும் பிதுங்கிய கண்களைக் கொண்ட ஷிட்சுவின் கண்ணில் அது பட்டால் துன்பம் பெரிது. நுரையை வட்டமாகத் தேய்த்தால் புதிய சிக்கு விழும். முடி விழும் திசையிலேயே கையை இழுக்க வேண்டும். குளித்த பின் அடிமுடிவரை உலர வேண்டும். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு விடப்பட்ட சடையின் அடியில் படையும் புண்ணும் தோன்றும். கண்ணை மறைக்கும் முடியைத் தளர்வாகக் கட்டவோ குறைக்கவோ வேண்டும். பாதத்தின் அடியில் வளரும் முடியைக் கத்தரிக்காவிட்டால் வழுவழுப்பான கிரானைட் தரையில் கால் வழுக்கும். மலவாயைச் சுற்றிய முடியைக் குட்டையாக வைக்காவிட்டால் அதில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும்.

இனி, கோடைதோறும் எழும் கேள்வி: மொட்டையடித்துவிட்டால் என்ன? இதற்கு ஒரே விடை இல்லை. பொமரேனியனைப் போல அடர்ந்த உள்முடி கொண்ட நாயை ஒட்டச் சிரைத்தால், சில வேளைகளில் அந்த முடி பல மாதங்களுக்கு மீண்டும் வளராது. வளர்ந்தாலும் பழைய தன்மையோடு வளராது. ஷிட்சுவுக்கும் லாசா அப்சோவுக்கும் முடியைக் குறைக்கலாம். தோல் தெரியச் சிரைத்தால் வெயில் நேரே தோலைச் சுடும். ஏறத்தாழ ஓர் அங்குல நீளம் விட்டு வெட்டுவது நடுவழி. அந்த நீளத்தில் காற்று புகும். விரல் தோலைத் தொடும். சிடுக்கு விழுமுன் தெரிந்துவிடும். தரைவரை தொங்கும் முடி கண்காட்சி அரங்குக்கு உரியது. அதை வீட்டில் காப்பாற்ற முடியாதவர் அதை விட்டுக்கொடுப்பதில் இழுக்கு ஏதும் இல்லை; இங்கு மயிர் நீங்குவதால் கவரிமாவுக்கு நேரும் கேடு நேராது.

கணக்கிட்டுப் பார்த்தால், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 61 மணி நேரம் ஆகிறது. 12 ஆண்டு வாழும் நாய்க்கு அது 730 மணி நேரம். ஒரு முனைவர்பட்ட மாணவர் ஓர் இயலை எழுதி முடிக்கும் உழைப்புக்கு அது குறைந்ததன்று. குட்டியின் விலையை விசாரிக்கும் எவரும் இந்த எண்ணை விசாரிப்பதில்லை; விற்பவரும் சொல்வதில்லை. விடுதிக்கோ வேலைக்கோ பேத்தி ஊர் மாறும்போது அந்தப் பத்து நிமிடம் யாருடைய கையில் வந்து சேரும் என்பதையும் வாங்கும் நாளிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. பல வீடுகளில் அது ஏற்கெனவே பல தலைகளை வாரிக் களைத்த ஒரு மூத்த பெண்ணின் கையாகவே இருக்கிறது. அவரைக் கேட்டுவிட்டு வாங்கலாம்.