கணினி மௌத்தாகவில்லை



போன மாதம் ஒரு சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் அரிசிச் சாக்கால் சுற்றிய கணினிப் பெட்டி. பின்னால் அவருடைய மகள், உயர்தரப் பரீட்சை எழுத இருக்கும் பிள்ளை.

"சேர், இது மௌத்தாப் போச்சாம். கடையில சொல்லிட்டாங்க. காப்பு ரெண்டையும் அடகு வெச்சி லெப்டொப் ஒண்டு எடுப்பம் எண்டு இரிக்கன். எது நல்லம் எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஐ.சி.டி. படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் வீட்டுக் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது வழக்கம். காசு வாங்குவதில்லை. பெட்டியைக் கரண்டில் போட்டோம். பிளேன்டீ ஊற்றி, ஆற்றி, குடித்து முடித்த பிறகுதான் திரையில் படங்கள் வந்தன. குரோமைத் திறக்க இன்னும் நான்கு நிமிடம். ஆனால் திறந்தது. மௌத்தான கணினி குரோமைத் திறக்காது.

அன்று என்ன செய்தோம் என்பதை ஒழுங்குமுறையாக எழுதுகிறோம். ஜமாலியா, உவர்மலை, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்திலும் வீடுகளில் இப்படி ஒரு பெட்டி துணியால் மூடிக் கிடக்கிறது. கொரோனா காலத்தில் ஸூம் வகுப்புக்காக வாங்கியவை பல. அதற்குப் பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கணினி எல்லாம் வெளிநாட்டுச் சாமான். அன்று ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே இருக்கிற பெட்டியைக் காப்பாற்றுவது கஞ்சத்தனம் அல்ல, புத்தி.

முதலில் பிரதி எடுங்கள்

மற்ற எதற்கும் முன்னால் இது. ஏன் என்று சொல்ல எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் கணினி இதே மாதிரி வந்தது. "முக்கியமானது எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு சேர்" என்றான். நாங்களும் நம்பி சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். கணினி பறந்தது. அடுத்த நாள் அவன் வந்து, ராத்தாவின் நிக்காஹ் படங்களைக் காணவில்லை என்றான். படங்கள் டெஸ்க்டொப்பில் ஒரு போல்டரில் இருந்திருக்கின்றன. டெஸ்க்டொப் கண்ணுக்கு முன்னால் தெரிவதால் அது தனி இடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சி டிரைவுக்குள்தான் இருக்கிறது. டவுன்லோட்ஸ், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அப்படியே. அவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டியது நாங்கள். அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அவனுடைய உம்மா எங்களை ஒரு சொல் ஏசவில்லை, அதுதான் இன்னும் கனக்கிறது.

ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலோ பெரிய பென்ட்ரைவிலோ அந்த நான்கு இடங்களையும் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு, வேறொரு கணினியில் போட்டுப் படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்குக் கொடுக்கும் முன்பும் இதைச் செய்யுங்கள்.

எங்கே சிக்கியிருக்கிறது?

கணினி மெதுவாக இருக்கிறது என்பது காய்ச்சல் என்பது போல. காரணம் தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று வரிசைகள், மேலே வீதம். கணினி தடுமாறும் நேரத்தில் எது 90, 100 என்று நிற்கிறது என்று பாருங்கள். அந்த உம்மாவின் பெட்டியில் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது, இறங்கவே இல்லை.

ஏன் என்று கிண்ணியாக்காரருக்குச் சொல்வது லேசு. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை நாம் பாதைக்குக் காத்து நின்றோம். இந்தக் கரையில் எத்தனை பேர் நின்றாலும் பாதை ஒன்றுதான், போய்த் திரும்பி வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதுதான். உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது, ஒரு ஊசி ஓடி ஓடித் தேடுகிறது. வெவ்வேறு இடங்களில் கிடக்கும் சின்னக் கோப்புகளை ஒரு செக்கனில் ஏறக்குறைய நூறு தடவைதான் தேடி எடுக்கும். எஸ்.எஸ்.டி. என்பது பாலம். உள்ளே சுழல எதுவும் இல்லை, அதே வேலையை ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கில் செய்யும்.

மெமரி நிறைந்திருந்தால் கதை வேறு. ரேம் என்பது நாம் வேலை செய்யும் மேசை. மேசை நிறைந்தால் விண்டோஸ் சாமான்களை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கும். அப்போது டிஸ்க்கும் சேர்ந்து திணறும். இரண்டு வீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

காசு செலவில்லாத வேலைகள்

1. டாஸ்க் மெனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். கணினி எழும்பும்போதே கூட எழும்பும் புரோகிராம்கள் அங்கே இருக்கும். தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யுங்கள். அது அழியாது, நாம் திறக்கும்போது மட்டும் திறக்கும். அந்தப் பெட்டியில் பதினான்கு இருந்தன. மூன்றை மட்டும் விட்டோம்.

2. இரண்டு என்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே இருக்கும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். "கணினியை வேகமாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் வரும் புரோகிராம் எதையும் போடாதீர்கள்.

3. சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் சரி போடாதீர்கள். பிள்ளையின் வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

4. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஷட் டவுன்' பெரும்பாலும் முழுதாக அணைப்பதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழும்புவதற்காகப் பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் முழுக் குளிப்பு.

5. திரை மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று அடிக்கடி வருகிறதா? பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. ஏதோ ஒரு படத் தளத்தில் பிள்ளை 'அலவ்' அழுத்தியிருக்கும். குரோம் செட்டிங்ஸில், பிரைவசி பகுதியில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்'. தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அதே செட்டிங்ஸில் 'பெர்போமன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' இருக்கிறது, அதைப் போட்டு விடுங்கள். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களையும் அகற்றுங்கள்.

இவ்வளவும் செய்தபின் அந்தப் பெட்டி எழும்பும் நேரம் பாதியாகக் குறைந்தது. டிஸ்க் இன்னும் திணறியது.

காசு கொடுத்தால் இதற்குக் கொடுங்கள்

டிஸ்க் வீதம் எப்போதும் உச்சத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. மெமரி உச்சத்தில் நின்றால் ரேம். நான்கு ஜி.பி. இருந்தால் எட்டு ஆக்குங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் போடுங்கள். ரேம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. விலை மாறிக்கொண்டே இருக்கிறது, இரண்டு கடையில் கேளுங்கள். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு டிஃபிராக் செய்யாதீர்கள். அது சுழலும் டிஸ்க்குக்கான மருந்து.

வாங்க முன், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பழைய டிஸ்க்கின் சுகத்தைப் பாருங்கள். 'குட்' என்றால் ஆறுதலாக யோசிக்கலாம். 'கோஷன்' அல்லது 'பேட்' என்றால் அன்றைக்கே பிரதி எடுங்கள்.

நமது காற்று, நமது கரண்ட்

துறைமுக ஊரில் இருக்கிறோம். வாடைக் காலத்தில் உப்பும் ஈரமும், கச்சான் காலத்தில் புழுதியும் சூடும். கடற்கரைப் பக்க ஜன்னலுக்குக் கீழே கணினியை வைக்காதீர்கள். நிலத்திலும் வைக்காதீர்கள், மழை வெள்ளம் கதவைத் தட்டிக்கொண்டு வராது.

உள்ளே புழுதி அடைத்தால் சூடு வெளியே போகாது. சூடு கூடினால் கணினி தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். அந்த உம்மாவின் பெட்டிக்குள் பல்லி முட்டை இரண்டு இருந்தன.

கணினி "பீப், பீப்" என்று சத்தம் போட்டுத் திரையில் ஒன்றும் வராவிட்டால் பயப்பட வேண்டாம். நமது ஊரில் அது பல நேரம் உப்பும் களிம்பும்தான். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு ரேமை வெளியே எடுங்கள், அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், தூளைத் துடைத்துத் திரும்ப இறுக்கிப் போடுங்கள்.

கரண்ட் திடீரென்று போவது சுழலும் டிஸ்க்குக்கு மிகவும் கூடாது. முடிந்தால் சின்ன யு.பி.எஸ். ஒன்று வையுங்கள். ஐந்து நிமிடம் தந்தாலும் ஒழுங்காக அணைக்க அது போதும். இடி முழங்கும் பின்னேரங்களில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள்.

விண்டோஸ் 10 விஷயம்

பலர் கேட்கிறார்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்துவிட்டன. கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸைப் பிரதி எடுக்க அனுமதித்தால் காசு இல்லை.

விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் உள்ள கணினிகளுக்குத்தான். அதற்கு ஏற்றுக்கொள்ளாத பழைய பெட்டியைத் தூக்கி வீச வேண்டாம். லினக்ஸ் மின்ட் இலவசம், நான்கு ஜி.பி. ரேமில் நன்றாக ஓடும். லிப்ரே ஒபிஸ் இலவசம், வேர்ட் கோப்புகளைத் திறக்கும். கள்ளக் கொப்பி விண்டோஸ் போடும் 'எக்டிவேட்டர்'களோடு பல நேரம் வைரஸும் சேர்ந்தே வருகிறது. ஹலாலான இலவசம் இருக்கும்போது மற்றது எதற்கு?

கடைசியாக அந்த உம்மா

எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி வரச் சொன்னோம். புதிய லெப்டொப் விலையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் கை வைக்கவில்லை. பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம், மகள்தான் ஆணியைக் கழற்றினாள், பிரதி எடுத்தாள், புதியதைப் போட்டாள். பழைய டிஸ்க் சுகமாக இருந்ததால் அதை யு.எஸ்.பி. உறையில் போட்டு, பிரதிகள் வைக்கக் கொடுத்தோம். அதில் வாப்பா சவூதியில் இருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் இருந்தன. கணினி இப்போது அரை நிமிடத்தில் எழும்புகிறது.

உம்மா திரையைப் பார்த்தார், கையில் கிடந்த காப்பைப் பார்த்தார். "அப்ப இத அடகு வெக்கத் தேவல்லியா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் மூடி வைத்த பெட்டி இருந்தால், விற்கவோ அடகுக்கடைக்குப் போகவோ முன்னால் மேலே உள்ளதை ஒரு தடவை செய்து பாருங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், வேலையை அவர்தான் செய்யப் போகிறார். இன்ஷா அல்லாஹ்.