தாய்ப்பாலில் விருந்தினர் பங்கு

உண்பவன் செரிக்க இயலாத ஒன்றை அவன் உணவில் சேர்ப்பது வீண் என்றே உலகம் கருதும். ஆயினும் தாய்ப்பாலில் அத்தகைய பொருள் ஒன்று இருக்கிறது. அதுவும் அற்ப சொற்பமாக அன்று. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பாற்சர்க்கரை ஏறத்தாழ 70 கிராம். கொழுப்பு 40 கிராம் அளவு. இவ்விரண்டுக்கும் அடுத்த நிலையில், 5 முதல் 15 கிராம் வரை, கூட்டுச் சர்க்கரைகள் என்னும் ஓர் இனம் உள்ளது. மகப்பேற்றை அடுத்துச் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இது இன்னும் மிகுதி. இவ்வினத்தில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. பிறந்த குழந்தைக்கு இவற்றைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. தாயின் உடல் தன் சத்தைச் செலவிட்டு ஆக்கிய இப்பொருள், சேயின் இரைப்பையையும் சிறுகுடலையும் பெரும்பாலும் மாறாமலே கடந்து, பெருங்குடலைச் சென்றடைகிறது.

அங்ஙனமாயின் யாருக்காக இவ்விருந்து?

1900-ஆம் ஆண்டையொட்டி, பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் ஆய்ந்த ஹென்றி திஸ்ஸியே என்பவர், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரிந்த வடிவுடைய நுண்ணுயிர் ஒன்று மல்கியிருக்கக் கண்டார். பிளவுபட்டது என்னும் பொருளிலேயே அதற்குப் பெயரும் அமைந்தது. பிஃபிடோ பாக்டீரியா என்று நாம் இன்று வழங்குவது அதுவே. இதனை வளர்க்கும் பொருள் தாய்ப்பாலின் கூட்டுச் சர்க்கரைகளே என்பதை, 1950-களில் அமெரிக்காவில் பால் கியோர்கியும் ஜெர்மனியில் ரிச்சர்டு கூனும் தம் ஆய்வுகளால் விளக்கினர். இவ்வினத்தில் குழந்தைகளின் குடலுக்கே உரிய வகையொன்றின் மரபணுத் தொகுதி 2008-இல் வெளியிடப்பட்டது. இச்சர்க்கரைகளைத் தனக்குள் இழுத்துச் சிதைத்து உண்பதற்கென்றே அமைந்த மரபணுக்கள் அதில் நிரம்பியிருந்தன. வந்த விருந்தினருக்கு ஏற்ற உணவு தாயின் மார்பிலேயே ஆயத்தமாயிருந்தது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

உண்ட விருந்தினர் வாளாவிருப்பதில்லை. அசெட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் சுரந்து குடலில் புளிப்பை மிகுவிக்கின்றனர். அப்புளிப்பில் தீய கிருமிகள் பல தழைக்க இயலாது. குடற்சுவரும் வலுப்பெறுகிறது. சிதையாது எஞ்சிய சர்க்கரைகளும் வீண்போவதில்லை. குடற்சுவரைப் பற்ற வரும் கிருமிகளில் சில, சுவரென்று மயங்கி அவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. பாலிலுள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதமோ, கிருமிகள் வளர வேண்டிய இரும்புச் சத்தை அவற்றுக்கு எட்டாமல் கட்டிவைக்கிறது.

நம் உணவில் விருந்தினர்க்கும் அயலார்க்கும் பங்குண்டு என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நெறி. பேசவும் அறியாத பச்சிளம் பாலகனின் முதல் உணவிலேயே வல்ல இறைவன் அந்நெறியை எழுதி வைத்திருக்கிறான் என்று எண்ணுங்கால் உள்ளம் சிலிர்க்கிறது.

ஆனால் இம்முதல் உணவையே கொட்டிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் இருந்தது. இன்றும் முற்றாக மறையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எம் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தபோது, மூத்த பெண்மணியாகிய பெரிய உம்மா சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கிண்ணத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார். "முதப் பால் ஆகாது, பீச்சி ஊத்திடுங்க" என்றார். அங்கிருந்த இளம் செவிலி பணிவோடு, "பாட்டிம்மா, அந்த மஞ்சப் பால்தான் புள்ளைக்கு முதல் மருந்து" என்று சொல்லி விளக்கினார். தம் மக்களில் இருவரைத் தொட்டிலிலேயே பறிகொடுத்தவர் பெரிய உம்மா. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கிண்ணத்தை அப்பால் நகர்த்திவிட்டு, தாமே குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்த்தார். "எங்க காலத்துல இதைச் சொல்ல ஆளில்லையே" என்று மட்டும் சொன்னார். அதற்கு மறுமொழி கூற எம்மில் எவருக்கும் நா எழவில்லை.

பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக் வேறு. கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரை நீர் புகட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாதென்று மருத்துவர் விலக்குவதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்மேல் பழி சுமத்துவது அறமன்று. ஈராண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைப் பேசும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், அதே இடத்தில் செவிலித் தாய்க்கும் வழி திறந்து வைக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் ஹலீமா (ரலி) அவர்களிடம் பாலருந்தி வளர்ந்தவர்களே. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கப்பெற்ற தாய்ப்பால் வங்கியைப் போன்றவை இன்று வேறு நகரங்களிலும் உள்ளன. பால் உறவு பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து இவற்றை நாடலாம். தொழிற்சாலைகளும் இக்கூட்டுச் சர்க்கரைகளில் சிலவற்றை ஆக்கிப் பால்மாவில் கலக்கத் தொடங்கியுள்ளன. தேவைப்படுவோர்க்கு அது உதவட்டும். எனினும் 150-க்கு மேற்பட்டவற்றுள் சிலவே அவை.

பிள்ளை பெற்றவளைச் சூழ்ந்து நிற்கும் நாம் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. அவளுக்கு நல்லுணவும் ஓய்வும் தருவோம். முதல் துளியைக் கொட்டச் சொல்லும் நாவை அடக்குவோம். விருந்து படைக்கப்பட்டுவிட்டது, அதைத் தட்டிவிடாதிருப்பதே நம் கடமை.